வேலையும் பிறவி அறிவும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை தேடும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதவும் தேர்வுக்குத் தயாராகவும் உதவி வருகிறேன். வருபவர்கள் வேலையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். "இவனுக்கு மண்டையில் ஏறாது, எங்கள் பரம்பரையே அப்படித்தான்" என்பார் தகப்பனார். பக்கத்தில் நிற்கும் பையன் தலையைக் குனிந்துகொள்வான். அந்தப் பையனை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

அறிவு பிறப்பில் வருகிறதா, படித்து வருகிறதா?

இரண்டாலும் வருகிறது. இதோடு நிறுத்தினால் யாருக்கும் பயனில்லை என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

பிறப்பின் பங்கு உண்மையானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவர்களில் ஒருவரைத் தத்துக் கொடுத்து, இருவரும் வேறு வேறு வீடுகளில் வளர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பூச்சார்ட் 1979 முதல் அப்படிப்பட்ட இரட்டையரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார். அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 70 விழுக்காடு மரபோடு தொடர்புடையது என்று 1990-ல் அறிவித்தார். பின்னர் சுமார் 11,000 இரட்டையர் இணைகளை வைத்து 2010-ல் வெளிவந்த ஆய்வு, அந்தப் பங்கு 9 வயதில் 41, 12 வயதில் 55, 17 வயதில் 66 விழுக்காடு என்று கண்டது. வயது ஏற ஏற மரபின் பங்கு கூடுவது பலருக்கு வியப்பாக இருக்கும். வளர்ந்த பிள்ளை தன் இயல்புக்கு ஏற்ற புத்தகத்தையும் நண்பர்களையும் தானே தேடிக்கொள்கிறது என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கம்.

படிப்பின் பங்கும் அதே அளவு உறுதியானது. நார்வே நாட்டில் கட்டாயக் கல்வியை 7 ஆண்டிலிருந்து 9 ஆண்டாக உயர்த்தினார்கள். எல்லா ஊரிலும் ஒரே நாளில் அல்ல, ஊருக்கு ஓர் ஆண்டாக. அதனால் முந்திய ஊரையும் பிந்திய ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ராணுவத்தில் சேரும் வயதில் இளைஞர்கள் எழுதிய அறிவுத்திறன் (ஐ.கியூ.) சோதனையில், கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் சுமார் 3.7 புள்ளியை உயர்த்தியிருந்தது. இதுபோன்ற ஆய்வுகளைத் திரட்டி, 6 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களோடு 2018-ல் வெளிவந்த தொகுப்பு, ஓராண்டுப் படிப்பு 1 முதல் 5 புள்ளி வரை கூட்டுகிறது என்று சொல்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட நினைக்கும் பிள்ளையின் வீட்டில் இந்த ஒரு செய்தியையாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்.

மரபின் பங்கு 60 விழுக்காடு என்றால், என் மகனின் அறிவில் 60 பங்கு என்னிடமிருந்து வந்ததா?

இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். அந்தக் கணக்கு ஒரு கூட்டத்தைப் பற்றியது. தனி ஒருவருடைய தலைக்குள் எதையும் பங்கு பிரித்துக் காட்டாது.

உயிரியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் 1970-ல் சொன்ன விளக்கத்தை நாஞ்சில் நாட்டு வயலில் வைத்துப் பார்ப்போம். பல வகை கலந்த விதைநெல் ஒரு மூட்டை. பாதியைப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் தவறாமல் பாயும் வயலில் விதைக்கிறோம். மறு பாதியைக் கால்வாயின் கடைக்கோடியில், தண்ணீரும் உரமும் எட்டாத வயலில் விதைக்கிறோம். முதல் வயலுக்குள் ஒரு பயிர் உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருந்தால் காரணம் விதை. இரண்டாம் வயலுக்குள்ளும் அப்படியே. ஆனால் முதல் வயல் செழித்து இரண்டாம் வயல் வாடிக் கிடப்பதற்கு விதை காரணமே இல்லை, தண்ணீர்தான் காரணம். கடைக்கோடி வயலைப் பார்த்து "இது மட்டமான விதை" என்று சொன்னால் எந்த விவசாயி ஒப்புக்கொள்வார்? பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அதைத் தயங்காமல் சொல்கிறோம்.

இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. எரிக் டர்க்ஹைமர் குழுவினர் 2003-ல் அமெரிக்காவின் 7 வயது இரட்டையரை ஆராய்ந்தபோது, வசதியான வீடுகளில் மரபின் பங்கு பெரிதாகவும், வறிய வீடுகளில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாததாகவும் இருந்தது. வறுமையில் வளரும் பிள்ளைகளிடையே வேறுபாட்டைத் தீர்மானித்தது பெரும்பாலும் வீட்டுச் சூழல்தான். ஐரோப்பிய நாடுகளில் இந்த வேறுபாடு இப்படித் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏழைப் பிள்ளைக்கும் ஓரளவு நல்ல பள்ளியும் மருத்துவமும் கிடைக்கும் நாடுகள் அவை.

பிள்ளையின் அறிவு தாயிடமிருந்துதான் வருமாமே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை. சுமார் 2,70,000 பேரை வைத்து 2018-ல் வெளிவந்த மரபணு ஆய்வு, அறிவுத்திறனோடு தொடர்புடைய மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் என்றது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. அவை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருகின்றன. பிள்ளை மதிப்பெண் குறைந்தால் தாயின் மேல் பழி போடும் வீடுகள் நம் ஊரில் உண்டு. அந்தப் பழிக்கு அறிவியலில் இடமில்லை.

ஐ.கியூ. சோதனையில் மதிப்பெண் குறைந்தால் என்ன பொருள்?

அன்றைக்கு, அந்தக் கேள்விகளுக்கு, அவ்வளவு பதில் வந்தது என்று பொருள். அந்த மதிப்பெண்ணைத் தூக்கி எறியவும் வேண்டாம், தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இத்தகைய சோதனையை 1905-ல் பாரிஸில் முதலில் உருவாக்கியவர் ஆல்ஃபிரெட் பினே. உதவி செய்தார் தியோடர் சிமோன். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுக்கத்தான் அது எழுதப்பட்டது. அறிவு கூட்டவே முடியாத அளவு என்று சொன்னவர்களைப் பினே கடுமையாக எதிர்த்தார். அவர் உருவாக்கிய கருவியையே பிறர் பிற்காலத்தில் பிள்ளைகளைக் கழித்துக்கட்டப் பயன்படுத்தினார்கள் என்பது வேதனையான வரலாறு.

இன்னொன்று. ஜேம்ஸ் ஃபிளின் 1984-ல் காட்டியபடி, 1932-க்கும் 1978-க்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்திருந்தது. அரை நூற்றாண்டில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு அந்த அளவுக்கு மாறாது. பள்ளி, உணவு, சிறிய குடும்பம், சிந்திக்கக் கேட்கும் வேலை என்று வாழ்க்கைதான் மாறியிருந்தது.

விரல் ரேகையை வைத்து மூளைத் திறனைச் சொல்லும் சோதனைக்குப் பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். விரல் ரேகைக்கும் கணக்கு வருமா, மொழி வருமா என்பதற்கும் தொடர்பு இருப்பதாக ஏற்கத்தக்க சான்று எதுவும் இல்லை. பளபளப்பான தாளில் வண்ண வண்ணப் படம் போட்டுக் கொடுப்பார்கள், அதைப் பார்த்துத்தான் மயங்கிவிடுகிறோம். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்கு வேண்டிய பயிற்சிப் புத்தகங்களை வாங்கலாம்.

எங்கள் குடும்பத்தில் யாருமே படித்ததில்லை. இவனால் முடியுமா?

இந்த மாவட்டத்தில் பிறந்தவர் இப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. நம் ஊர் வரலாறே இதற்குப் பதில்.

திருவிதாங்கூர் ஆட்சியில், இன்றைய குமரி மாவட்டத்தின் பெரும்பாலான உழைக்கும் மக்களுக்குப் பள்ளி வாசலும் இல்லை, கோயில் தெருவும் இல்லை. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859-ல் அரசாணை பெற வேண்டியிருந்தது. கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தோபே மயிலாடியில் பள்ளி தொடங்கியது 1809-ல். அது பின்னர் நாகர்கோவிலுக்கு வந்து ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மன்னராட்சியில் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-ல். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. இனி 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள்: மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, குமரி மாவட்டத்தில் 91.75. தமிழ்நாட்டிலேயே முதலிடம்.

எழுத்தறிவும் அறிவுத்திறனும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் "இவர்களுக்குப் படிப்பு வராது" என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட மக்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள்தான் இன்று இங்கே ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கிறார்கள். மூன்று நான்கு தலைமுறையில் ரத்தம் மாறிவிடவில்லை. கதவு திறந்தது, உள்ளே போனார்கள்.

நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் விவசாயி மகனாகப் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த கே. சிவன், தம் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவர் 2018-ல் இஸ்ரோ தலைவரானார். மேலகாட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் அதே பொறுப்புக்கு வந்தார். இயந்திரவியல் டிப்ளமோ படித்து, தொழிற்சாலைகளில் சில காலம் வேலை பார்த்து, 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்து, 1989-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் (மிகு குளிர்நிலை) பொறியியலில் முதலிடம் பெற்றவர் அவர். இருவரை வைத்து ஒரு விதியை நிறுவ முடியாது என்பது உண்மைதான். "டிப்ளமோ படித்தால் அவ்வளவுதான்" என்று முடிவு கட்டுபவருக்கு இது போதும்.

வீட்டில் என்ன செய்தால் பிள்ளையின் மூளை வளரும்?

கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அயோடின் கலந்த உப்பு, இரும்புச்சத்து, நல்ல உறக்கம், நிறையப் பேச்சு. கருவில் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. உலகில் எளிதில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளில் இதற்குத்தான் முதலிடம். கல் உப்பு வாங்கும் வீடுகள் பொட்டலத்தில் அயோடின் உண்டா என்று பார்த்து வாங்கட்டும். நினைவாற்றல் மாத்திரை, டானிக் எதுவும் தேவையில்லை.

ரப்பர் வெட்டும் வேலைக்கும் மீன்பிடிக்கும் அறிவு தேவையில்லையா?

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விடியுமுன் தலைவிளக்கோடு தோட்டத்துக்குள் போகும் தொழிலாளியோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றே சாய்ந்து சுற்றிப் போகின்றன. அதனால் கத்தி இடமிருந்து வலமாகச் சுமார் 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் பட்டையை வளர்க்கும் உள்தோல் அறுபட்டு, அந்த இடம் முடிச்சு விழுந்து, பின்னால் வெட்டவே முடியாமல் போகும். பட்டையின் தடிப்பு மரத்துக்கு மரம் மாறும். விரலுக்குள் வரும் ஒரு சின்ன அதிர்வை வைத்துத்தான் கத்தியை நிறுத்துகிறார். பால் சொட்டும் சிரட்டையை நேராக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார். இப்படி ஒரு காலையில் முந்நூறு மரம். தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் படிக்கும் விதமும் இப்படித்தான்.

இதை அறிவு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? நாம் வைத்திருக்கும் சோதனைகள் இதை அளப்பதில்லை, கூலியும் இதற்கேற்ப இல்லை. பெற்றோர் இந்த வேலை செய்கிறவர்கள் என்றால், "மூளை இல்லாத குடும்பம்" என்ற பேச்சை அந்த வீட்டுப் பிள்ளை முதலில் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

நல்ல வேலை என்றால் எது?

குறித்த தேதியில் சம்பளம், வருங்கால வைப்புநிதி, தகுதி இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), மரியாதையான நடத்தை. இவற்றோடு நான் ஒன்று சேர்ப்பேன்: இரண்டு ஆண்டு கழித்து வெளியே வந்தால் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும். முதல் வேலையில் ஆயிரம், இரண்டாயிரம் குறைந்தாலும் கற்றுக்கொடுக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். சம்பளம் குறைந்தே இருக்க, கற்பதும் இல்லாத இடத்தில் உறவினர் முகத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

மதிப்பெண் குறைந்தவனை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளில் எது பின்னால் நல்ல வேலையாளைக் காட்டுகிறது என்பதை நூறு ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2022-ல் வெளிவந்த மறுஆய்வில் முதலிடம் பெற்றது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல். தொழிலறிவுச் சோதனை, வேலையையே செய்துகாட்டச் சொல்வது போன்றவையும் முன்வரிசையில் வந்தன. பொது அறிவுத்திறன் சோதனை அவற்றுக்குப் பின்னால்தான் நின்றது. ஆகவே செய்துகாட்டத் தயாராகப் போங்கள்.

பி.காம். முடித்த பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டத்தில் சித்தப்பா நடத்தும் பலசரக்குக் கடையின் ஒரு மாதக் கணக்கை, கொள்முதல் பில் முதல் ஜி.எஸ்.டி. வரை, டேலி என்ற கணக்கு மென்பொருளில் போட்டு அச்செடுத்து நேர்காணலுக்குக் கொண்டுபோகட்டும். மேசை மேல் அதை வைத்ததும் பேச்சு மதிப்பெண் பட்டியலை விட்டு அந்தக் கணக்குக்கு வந்துவிடும். வெல்டிங் படித்தவன் தன் கைப்பட்ட ஒட்டின் படத்தைக் காட்டலாம். எட்டு வரி 'என் குறிக்கோள்' எழுதிய விண்ணப்பத்தைவிட இது பேசும்.

வேலைக்கு யாரிடம் சொல்லி வைப்பது?

நெருங்கிய உறவினருக்குத் தெரிந்த வேலை பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளியிருப்பவர்கள்தான் புதிய செய்தி கொண்டுவருவார்கள்: பழைய வகுப்புத் தோழன், முன்னாள் ஆசிரியர், அண்ணனோடு வேலை பார்த்தவர். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் சொன்ன கருத்து இது. லிங்க்டுஇன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரிடம் ஐந்து ஆண்டுகள் சோதித்து 2022-ல் இதை உறுதிசெய்தார்கள். பேசிப் பல நாள் ஆனதே என்று கூச்சப்படாமல் ஒரு செய்தி அனுப்புங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பதற்குப் பதிலாக, என்ன வேலை, எந்த ஊர், எப்போது முதல் என்று மூன்றையும் எழுதுங்கள்.

குரூப் 4 தேர்வுக்கு எப்படிப் படிப்பது? எத்தனை ஆண்டு படிப்பது?

200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். பாதி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசப் பயிற்சி நடத்துகிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

படிக்கும் முறையில் ஒன்றை வலியுறுத்துவேன். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் மனதில் நிற்கிறது. 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களிடம் சோதித்துக் காட்டியது இது. பழைய வினாத்தாளைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்கி வைக்காமல் முதல் வாரமே தொடங்குங்கள்.

எத்தனை ஆண்டு என்பது என் சொந்தக் கருத்து: இரண்டு முழு முயற்சி. அதற்குமேல் எழுதுவதானால் ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். பல லட்சம் பேர் எழுதும் தேர்வில் இடம் கிடைக்காமல் போவதற்கு அறிவுக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பது வயதுவரை வேறெதுவும் கற்காமல் வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள் அப்படித்தான் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

திருவனந்தபுரமா, சென்னையா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுபது கிலோமீட்டருக்குள்தான். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மலையாளம் பேச வந்தால் கூடுதல் பலம், விளவங்கோடு பக்கத்தவர்களுக்கு அது ஏற்கெனவே காதில் விழுந்து பழகிய மொழி. வீட்டு வாடகை மிச்சமாகும் என்பதற்காகவே முதலில் அங்கே முயலச் சொல்வேன்.

வளைகுடா வேலைக்கு ஏஜெண்ட் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாமா?

மத்திய அரசில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்கு ரசீது கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணை 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். சவூதி, ஓமன், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் அனுமதி பெற்றே வேலைக்குப் போக வேண்டும். "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவர் அந்த அனுமதியையும், அதோடு வரும் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்தே உங்களுக்கு இல்லாமல் செய்கிறார். அங்கே ஏதாவது நேர்ந்தால் ஒப்பந்தத் தாள்கூட இருக்காது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்படுகிறது. செவிலியர்கள் முதலில் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்கள், முழுத் தகுதிச் செவிலியராகப் பதிவு பெற அந்த மொழியில் பி2 நிலை (ஓரளவு சரளமாகப் பேசும் தேர்ச்சி) வேண்டும் என்பதை நினைவில் வைத்து, மொழி வகுப்பை இப்போதே தொடங்குங்கள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. முந்திரி ஆலை வேலையை விட்டுவிட்டேன். இனிமேல் புதிதாகப் படிக்க முடியுமா?

முடியும். புதிர்களை வேகமாக விடுவிக்கும் திறன் இருபதுகளிலிருந்தே மெல்லக் குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் சேர்த்துவைத்த அறிவும் ஐம்பது வயதைத் தாண்டியும் வளர்கின்றன. ஆகவே பத்தொன்பது வயதுப் பெண்ணின் வேகத்தோடு உங்களை ஒப்பிடாதீர்கள். உடைந்த பருப்பு, கறை பட்ட பருப்பு, முழுப் பருப்பு என்று பார்த்த மாத்திரத்தில் தரம் பிரித்த கண் உங்களுடையது. உணவுப் பொருள் பொதியிடும் நிறுவனங்களில் தரம் பார்க்கும் வேலைக்கு அதையே அனுபவமாக எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்று இல்லையென்றால் தனித்தேர்வராக எழுதலாம். விண்ணப்பத் தேதியை மாவட்ட அரசுத் தேர்வுகள் அலுவலகத்தில் கேளுங்கள். ஆதாரையும் கடைசியாகப் படித்த வகுப்பின் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.